குத்துபவர் கையிலா? குத்திக்கொள்பவர் வாயிலா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! இவ்வளவு நேரம் என்னை முறைத்துக் கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் முறுக்கும் கையுமாக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

ஊசி வழியாக நோய் பரவாமல் தடுப்பது பெரிதும் குத்துபவர் கையில் இருக்கிறதா, குத்திக்கொள்பவர் வாயில் இருக்கிறதா என்பது தலைப்பு. நான் வாய் அணி. காலையில் கிளம்பும்போதே எங்க வீட்டம்மா சொல்லிட்டாங்க, "உங்ககிட்ட அதைத் தவிர வேற என்ன இருக்கு, சரியான அணியிலதான் போட்டிருக்காங்க"ன்னு. (சிரிப்பு)

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். "படித்தவர் அவர், சம்பளம் வாங்குகிறவர் அவர், ஊசி இருப்பது அவர் கையில். காய்ச்சலில் சுருண்டு கிடக்கிற நோயாளி என்ன செய்வான்?" என்று கேட்டார். ஐயா, ஒரே சிரிஞ்சை இரண்டு பேருக்குக் குத்தினால் குற்றவாளி குத்தியவர்தான். அதிலே எனக்கு உங்களோடு சண்டையே இல்லை. ஆனால் நடுவர் கேட்டது குற்றவாளி யார் என்றா? யார் தடுக்க முடியும் என்றல்லவா கேட்டார்!

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர் டாக்டரிடம் கண்ணாடி சிரிஞ்சுதான். ஸ்டவ்வில் எவர்சில்வர் டப்பா கொதிக்கிற சத்தம் கேட்டாலே திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஓடிப்போகும். சரியாகக் கொதிக்காவிட்டால் அன்றைக்கும் ஆபத்துதான். இன்றைக்கு வந்திருப்பது பிளாஸ்டிக். அதை ஒரே ஒரு தடவைக்கென்றே செய்திருக்கிறார்கள். ஒருவர் உடம்பில் இறங்கி ஏறினால் அதன் ஆயுசு அங்கேயே முடிந்தது.

முடிய விட்டார்களா? 2018ஆம் வருஷம், உத்தரப் பிரதேசத்தில் உன்னாவ் மாவட்டம், பாங்கர்மாவ். பட்டம் இல்லாத ஒருவர் குறைந்த காசுக்கு வைத்தியம் பார்த்தார். ஒரே ஊசியைப் பலருக்கும் போட்டார் என்று சுகாதாரத் துறை சொன்னது. நாற்பது பேருக்கு மேல் எச்.ஐ.வி. அடுத்த வருஷம், 2019இல், பாகிஸ்தானில் சிந்து மாகாணத்து ரத்தோடேரோ. சில மாதங்களுக்குள் எண்ணூறு பேருக்கு மேல், பெரும்பாலும் குழந்தைகள். அங்கேயும் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சிரிஞ்சுகள் முக்கியக் காரணமாக வெளியே வந்தன. "பால் குடிக்கிற பிள்ளைக்கு ஏது வாய்?" என்று எதிரணி அம்மையார் கேட்டார். உண்மை, பிள்ளைக்கு வாய் இல்லை. தூக்கிக் கொண்டு போன தாய்க்கு இருக்கிறதே. கேட்க வேண்டும் என்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் அம்மா இந்த மேடை.

இனி என் கதை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். ஊரும் வேண்டாம், பெயரும் வேண்டாம். காலை ஏழு மணி, வெறும் வயிறு, நீண்ட வரிசை. அந்தத் தம்பி கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார், பஞ்சால் துடைத்தார், தட்டிலிருந்து சிரிஞ்சை எடுத்தார். கவர் பிரிக்கிற சத்தம் கேட்கவில்லை. நடுவர் அவர்களே, நான் கவனித்தேன். கவனித்தும் வாயைத் திறக்கவில்லை! மேடை மேடையாகப் பேசுகிறவன், முனைவர் பட்டம் வாங்கியவன், கேட்டால் அந்தத் தம்பி மனசு புண்படுமே என்று சும்மா இருந்தேன்.

எனக்கு அடுத்து ஒரு வயசான அம்மா. காய்கறிக் கூடையோடு வந்திருந்தாங்க. நாற்காலியில் உட்கார்ந்ததும், "தம்பி, அந்தக் கவரை என் கண்ணு முன்னால பிரி"ன்னாங்க. அவர் தயங்கினார். அப்புறம் இழுப்பறையைத் திறந்து புதுசு எடுத்தார். டர்ர்ரென்று கவர் கிழிகிற சத்தம். என் அடிவயிற்றில் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது.

"அப்போ எனக்கு?" என்றேன். "உங்களுக்கும் ஊசி மாத்தினேனே சார்" என்றார். ஊசியை மாற்றினாராம். குழாய் பழசு! தாய்மார்களே, இந்த இடத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். நுனியில் இருக்கிற ஊசியை மாற்றினால் போதும் என்பது பெரிய பொய். ரத்தம் எடுக்கும்போது அது ஊசியிலா நிற்கிறது? குழாய்க்குள்ளேதானே வந்து நிரம்புகிறது! மருந்து ஏற்றுகிற சிரிஞ்சுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் திரும்பி வரும். காய்ந்துபோன ரத்தத்தில்கூட மஞ்சள்காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். ஆகவே ஊசியும் புதுசு, சிரிஞ்சும் புதுசு.

அன்றைக்கே மருத்துவரிடம் ஓடினேன். எச்.ஐ.வி.யைத் தடுக்கிற மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்றார். 28 நாள் சாப்பிட்டேன். காமாலைத் தடுப்பூசியும் போட்டார். போடும்போது கவரை என் முகத்துக்கு நேரே பிரித்தார். (கைதட்டல்) ஆறு மாதம் வரைக்கும் திரும்பத் திரும்பப் பரிசோதனை. அந்த ஆறு மாதமும் சவரக்கத்தியைப் பேத்தி எட்டாத அலமாரியில் பூட்டி வைத்தேன். தொட்டால் ஒட்டாது, தூக்கிக் கொஞ்சினால் ஒட்டாது என்று எனக்குத் தெரியும், ஐயா. படித்திருக்கிறேன். ஆனாலும் பிள்ளை ஓடி வரும்போது கை தானாகப் பின்னால் போகும். "தாத்தா ஏன் என்னைத் தூக்க மாட்டேங்கிறார்?" என்று அவள் பாட்டியிடம் கேட்டாள். பாட்டி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடைசியில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. எதிரணி நண்பர்கள் நிம்மதியாக மூச்சு விடலாம். (சிரிப்பு)

கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்றார்கள். பெட்ரோல் பங்கிலே என்ன நடக்கிறது? நாம் கேட்கிறதுக்கு முன்னாலேயே "சார், ஜீரோ பார்த்துக்குங்க" என்கிறார் அந்தப் பையன். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சாட்சி உண்டு. நம்ம ரத்தத்துக்கு வேண்டாமா? இளநீர்க்காரரிடம் உறிஞ்சுகுழல் புதுசா என்று கேட்கிற வாய், ஆய்வுக்கூடத்தில் போய் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தியத்துக்கு நாலு பேரைச் சேர்க்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். நடுவர் அவர்களே, முதலில் யாரை வைத்தார்? நோயாளியை! (கைதட்டல்)

வாய் ஊசி குத்தியதோடு முடியக் கூடாது. குத்தின ஊசிக்கு மூடி போடப் போய்த் தன் விரலையே குத்திக்கொள்கிற செவிலியர்கள் எத்தனை பேர்! அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. ஊசியை அங்கேயே வெட்டி, துளை விழாத வெள்ளைப் பெட்டிக்குள் போட வேண்டும். குழாய் சிவப்புப் பைக்குள். 2016ஆம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிகளே அப்படித்தான் சொல்கின்றன. ஒருமுறை அழுத்தினால் மறுமுறை நகராத சிரிஞ்சுகளுக்கு உலகம் மாற வேண்டும் என்று 2015இலேயே உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டது. மாறட்டும். அது நம்ம தெருமுனைக்கு வந்து சேருகிற வரைக்கும்...

மணி அடிச்சுட்டீங்களா? ஒரே நிமிஷம். அந்தப் பரிசோதனைக் கூடத்தின் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லையே சார்" என்றார். அந்த அம்மாவைப் பிறகு சந்தையில் பார்த்தேன். "எப்படிம்மா கேட்கணும்னு தோணிச்சு?" என்றேன். "கத்தரிக்காயையே திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குறாங்க என்கிட்ட" என்றார்கள்.