தீக்குச்சி யார் கையிலே?

(‘இன்றைய உலகின் மோதல்களுக்குப் பெரிதும் காரணம் பண்பாட்டு வேற்றுமையா? அரசியல் ஆதாயமா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘அரசியல் ஆதாயமே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எப்போது மணி அடிக்கும் என்று என்னைவிட ஆவலாகக் காத்திருக்கும் எதிரணி நண்பர்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் அழகாக ஒரு உவமை சொன்னார். எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது, அதுபோலத்தான் இரண்டு பண்பாடும் என்றார். ஒட்டாதுதான் அய்யா, ஒத்துக்கறேன். ஆனா வத்தக்குழம்புல ரெண்டும்தானே இருக்கு? எண்ணெய் தனியாப் பிரிஞ்சு மேலே மிதந்தாத்தான் ‘பதம் வந்தாச்சு’ன்னு நம்ம வீட்டு அம்மா அடுப்பையே அணைக்கிறாங்க! (சிரிப்பு) ஒட்டலைங்கறது வேற, சண்டைங்கறது வேற.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் சாமுவேல் ஹண்டிங்டன் 1993-இல் ஒரு கட்டுரை எழுதினார். 1996-இல் அதையே விரித்துப் புத்தகமாக்கினார். இனி உலகத்தில் சண்டை கொள்கைக்காக இல்லை, நாகரிகங்களுக்கு இடையேதான் என்றார். அதற்கு அவர் காட்டிய முக்கியமான சாட்சி, போஸ்னியா. எதிரணியும் இன்று அதைத்தான் காட்டியது. நல்லது. அந்தச் சாட்சியை நானே குறுக்கு விசாரணை செய்கிறேன்.

போஸ்னியாவின் தலைநகர் சரயேவோ. பழைய நகரத்தில் ஒரு மசூதி, ஒரு கத்தோலிக்கத் தேவாலயம், ஒரு ஆர்த்தடாக்ஸ் தேவாலயம், ஒரு யூத ஜெபக்கூடம். நாலுக்கும் ஆட்டோ பிடிக்க வேண்டாம், நடந்தே போயிடலாம்! மக்கள் பேசுகிற மொழி ஒருவருக்கொருவர் நன்றாகப் புரியும். கலப்புத் திருமணங்கள் ஏராளம். இப்படி இருந்த ஊரில் 1992 முதல் 1995 வரை நடந்த போரில், நாடு முழுதும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் செத்தார்கள்.

வேற்றுமைதான் காரணம் என்றால், அந்த வேற்றுமை 1991-இல் இல்லையா? 1961-இல் இல்லையா? அப்போது எரியாதது 1992-இல் ஏன் எரிந்தது? 1980-இல் யூகோஸ்லாவியாவின் தலைவர் டிட்டோ இறந்தார். நாட்டுக்குக் கடன், விலைவாசி, வேலையில்லாத் திண்டாட்டம். நாற்காலிக்குப் போட்டி. செர்பியாவில் மிலோசெவிச் போன்ற தலைவர்கள் தொலைக்காட்சியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘பக்கத்து வீட்டுக்காரன் உன்னை அழிக்கப் போகிறான்’ என்று ஓத ஆரம்பித்தார்கள். தினம் தினம் கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது? பண்பாடு விறகு, அய்யா. விறகு எல்லா வீட்டிலேயும் இருக்கு. தீக்குச்சி யார் கையிலே? அதைக் கேளுங்க! (கைதட்டல்)

அதே சரயேவோ அருங்காட்சியகத்தில் ஒரு நூல் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் ஸ்பெயினில் எழுதப்பட்டது. யூதர்கள் பாஸ்கா விருந்தன்று குடும்பத்தோடு படிப்பது. 1942-இல் ஹிட்லரின் படைத்தளபதி ஒருவர் வந்து, ‘அந்தப் புத்தகத்தைக் கொடு’ என்று நின்றார். இயக்குநர் ஒரு கத்தோலிக்கர். ‘உங்கள் அதிகாரி ஒருவர் இப்போதுதான் வாங்கிப் போனார்’ என்று சொல்லிச் சமாளித்தார். அதே நேரம் நூலகர் தெர்விஷ் கோர்குட், ஒரு இஸ்லாமியர், அந்த நூலை உடுப்புக்குள் செருகி வைத்திருந்தார். பிறகு அதை மலைக் கிராமத்து மசூதி ஒன்றில் மறைத்து வைத்ததாகச் சொல்வார்கள். யூதர்களின் புத்தகம், காப்பாற்றியது கத்தோலிக்கரின் வாயும் இஸ்லாமியரின் உடுப்பும்! இதுவா நாகரிகங்களின் மோதல்?

இன்னும் கேளுங்க. அந்தக் கோர்குட்டும் அவர் மனைவியும் ஒரு யூதப் பெண்ணையும் வீட்டு வேலைக்காரி என்று சொல்லி மறைத்துக் காப்பாற்றினார்கள். 1994-இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் அந்தத் தம்பதியருக்குச் சிறப்புச் செய்தது. ஐந்தே வருஷம். 1999-இல் கொசோவோவில் போர். கோர்குட்டின் மகள் அங்கிருந்து விரட்டப்பட்டு அகதியாக மாசிடோனியா போய்ச் சேர்ந்தார். கையில் இருந்தது பெற்றோருக்குக் கிடைத்த சான்றிதழின் நகல். அதைப் பார்த்த யூத சமூகத்தார் அவரையும் கணவரையும் இஸ்ரேலுக்கு விமானத்தில் அனுப்பி வைத்தார்கள். விமான நிலையத்தில் வந்து வரவேற்றவர் யார் தெரியுமா? அன்று காப்பாற்றப்பட்ட பெண்ணின் மகன்! (பலத்த கைதட்டல்) தாய் தகப்பன் செய்த புண்ணியம் பிள்ளையைக் காக்கும்னு நம்ம பாட்டி சொல்வாளே, அது சரயேவோவிலும் பலிச்சிருக்கு.

எதிரணி கேட்கலாம்: ‘மனசு இப்படி இருந்தா, போர் முடிஞ்ச பிறகாவது ஒண்ணாச் சேர வேண்டியதுதானே?’ நியாயமான கேள்வி. போருக்குப் பின் போஸ்னியாவில் சில ஊர்களில் ஒரே பள்ளிக் கட்டடத்தில் குரோவேஷியப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, போஸ்னிய இஸ்லாமியப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, தனிப் பாடத்திட்டம். சில இடங்களில் வாசல்கூடத் தனி. அந்த ஏற்பாட்டைச் செய்தது யார்? விளையாடத் துடிக்கிற பிள்ளையா? இல்லை அய்யா, ஓட்டுக் கணக்குப் போடுகிற பெரியவர்கள். யாய்ட்சே என்ற ஊரில் இன்னொரு தனிப் பள்ளி தொடங்கப் போனபோது, 2016, 2017-இல் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து நின்று எதிர்த்தார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளைகளுக்குத் தெரிந்தது பேராசிரியருக்குத் தெரியவில்லை!

தாய்மார்களே, நம்ம வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, ‘அவங்கல்லாம் அப்படித்தானாம்மா?’ன்னு கேக்கும். அந்த நிமிஷம் நாம என்ன பதில் சொல்றோமோ, அதுதான் தீக்குச்சியா தண்ணீரா என்பது. வேற்றுமை வேற்றுமையாக இருக்கட்டும். அதை விற்றுப் பிழைப்பவர்களே மோதலுக்குக் காரணம் என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.