“செய்திருக்கிறேன்”, “இன்னும் வரவில்லை”: வேலைத்தளத்தில் ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

வேலைத்தள ஆங்கில வகுப்பின் ஆரம்ப நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



ஊருக்குத் திரும்பி, காணியைத் துப்புரவாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறீர்கள். சிலர் ஏற்கெனவே களஞ்சியத்திலோ, சாரதியாகவோ, கண்ணிவெடி அகற்றும் அணியிலோ வேலைக்குச் சேர்ந்துவிட்டீர்கள். உங்கள் எல்லோருக்கும் பயன்படக்கூடிய ஒரு சிறு விடயத்தை இன்று பேசப்போகிறேன். ஆங்கிலத்தில் ‘பிறசென்ற் பேர்பெக்ற்’ என்று ஒரு காலம் இருக்கிறது. பெயரை மறந்தாலும் பரவாயில்லை, அதன் பயனை மறக்காதீர்கள்.

அதற்கு முதல் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அரச அலுவலகத்துக்குப் போக உங்களுக்கு ஆங்கிலம் தேவையில்லை. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புக்கான 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாக்கப்பட்டது. ஆங்கிலம் இணைப்பு மொழி. பிரதேச செயலகத்துக்கு நீங்கள் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம். அது உங்கள் உரிமை.

ஆங்கிலம் தேவைப்படும் இடம் வேறு. சர்வதேச தொண்டு நிறுவனங்கள், கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள், பெரிய கட்டட வேலைகள் போன்ற இடங்களில் மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். நாளாந்த அறிக்கையும் மின்னஞ்சலும் களஞ்சியப் பதிவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். அங்கே நீங்கள் சொல்கிற ஒரு வசனம் சரியாக விளங்காவிட்டால் வேலை தடைப்படும். சில வேளைகளில் உங்களுக்குக் கிடைக்கவேண்டியதும் தடைப்படும்.

ஒரு “வரவில்லை”, இரண்டு அர்த்தம்

“சீமெந்து வரவில்லை” என்று தமிழில் சொல்கிறோம். “நேற்று வரவில்லை” என்றாலும் “வரவில்லை”தான். “இன்னும் வரவில்லை” என்றாலும் அதே “வரவில்லை”தான். முன்னால் நிற்கிற சொல்லை வைத்து நாங்கள் வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் வினைச்சொல்லே மாறிவிடும்.

“த சிமென்ற் டிட் நொட் கம் யெஸ்ரடே.” நேற்று சீமெந்து வரவில்லை. இது நேற்றைய கதை. இன்று வந்ததா இல்லையா என்பது இந்த வசனத்தில் இல்லை.

“த சிமென்ற் ஹாஸ் நொட் கம் யெற்.” சீமெந்து இன்னும் வரவில்லை. இந்த நிமிடம் வரைக்கும் வரவில்லை, யாராவது ஏதாவது செய்யவேண்டும்.

கொழும்பில் இருக்கும் அலுவலருக்கு நீங்கள் தொலைபேசியில் முதலாவது வசனத்தை மட்டும் சொன்னால், “சரி, நேற்று தாமதம், இன்று வந்திருக்கும்” என்று அவர் நினைத்துவிடக்கூடும். இங்கே மேசன்மார் வேலையில்லாமல் இருப்பார்கள். இரண்டாவது வசனத்தைச் சொன்னால், பிரச்சினை இன்றும் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

முழு விடயமும் இதுதான். சாதாரண இறந்தகாலம், ஒரு நாள் நடந்த சம்பவத்தைச் சொல்கிறது. ‘ஹாவ்’ சேர்த்துச் சொல்லும் இந்தக் காலம், அந்தச் சம்பவத்தால் இப்போது என்ன நிலைமை என்பதைச் சொல்கிறது.

வசனத்தை அமைக்கும் முறை

அமைப்பு கடினமில்லை. ஐ, யூ, வீ, தேய் என்று வந்தால் ‘ஹாவ்’. ஹீ, ஷீ, இற் என்று வந்தால் ‘ஹாஸ்’. அதற்குப் பின்னால் வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம்.

“ஐ ஹாவ் பினிஷ்ட் த வேர்க்.” வேலையை முடித்துவிட்டேன்.
“ஷீ ஹாஸ் சென்ற் த றிப்போட்.” அவர் அறிக்கையை அனுப்பியிருக்கிறார்.
“வீ ஹாவ் நொட் செக்ட் திஸ் சைட் யெற்.” இந்தப் பக்கத்தை நாங்கள் இன்னும் பரிசோதிக்கவில்லை.

கடைசி வசனம் கண்ணிவெடி அகற்றும் அணியில் உள்ளவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

‘ஹாவ்’ என்றால் ‘என்னிடம் இருக்கிறது’ என்றுதானே படித்தோம் என்று கேட்பீர்கள். சரிதான். “ஐ ஹாவ் அ பைசிக்கிள்” என்றால் என்னிடம் சைக்கிள் இருக்கிறது. இங்கேயும் அதே சொல் துணைவினையாக வருகிறது. தமிழில் “செய்திருக்கிறேன்”, “அனுப்பியிருக்கிறேன்” என்று சொல்லும்போது நாங்களும் ‘இரு’ என்ற சொல்லைச் சேர்த்துத்தானே சொல்கிறோம்? ஆகவே இந்த எண்ணம் உங்களுக்குப் புதிதல்ல.

மூன்றாவது வடிவத்தை மட்டும் மனனம் செய்யத்தான் வேண்டும். பல சொற்களுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுதான்: சென்ற், பெய்ட், பில்ற், லொஸ்ற். மாறுகிற சொற்களில் வேலைத்தளத்துக்கு இந்த ஆறும் முதலில் போதும்:

செய்: டூ, டிட், டன்
போ: கோ, வென்ற், கோன்
எழுது: றைற், றோற், றிற்றன்
கொடு: கிவ், கேவ், கிவன்
எடு: ரேக், ருக், ரேக்கன்
உடை: பிறேக், பிறோக், பிறோக்கன்

நாங்கள் அடிக்கடி தடுக்கி விழும் மூன்று இடங்கள்

முதலாவது, நேற்று. தமிழில் “நேற்றே அனுப்பியிருக்கிறேன்” என்று சொல்வதில் பிழையில்லை. அதை அப்படியே மாற்றி “ஐ ஹாவ் சென்ற் இற் யெஸ்ரடே” என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது பிழை. நேற்று, போன கிழமை, 2009இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் ‘ஹாவ்’ வராது. “ஐ சென்ற் இற் யெஸ்ரடே” என்று சொல்லுங்கள். நேரத்தைச் சொல்லாவிட்டால் “ஐ ஹாவ் சென்ற் இற்” அல்லது “ஐ ஹாவ் ஓல்றெடி சென்ற் இற்”. ‘ஓல்றெடி’ என்றால் ஏற்கெனவே.

இரண்டாவது, எவ்வளவு காலமாக என்பது. “மூன்று வருடமாக இங்கே வேலை செய்கிறேன்” என்பதை “ஐ ஆம் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் திறீ இயர்ஸ்” என்று சொல்லுவோம். அதில் இரண்டு பிழை. தொடங்கி இன்றுவரை நீடிக்கும் வேலைக்கு ‘ஹாவ்’ வேண்டும். அதோடு ‘சின்ஸ்’ என்பது தொடங்கிய புள்ளியைக் காட்டும் சொல், ‘போர்’ என்பது காலத்தின் நீளத்தைக் காட்டும் சொல்.

“ஐ ஹாவ் வேர்க்ட் ஹியர் போர் திறீ இயர்ஸ்.” மூன்று வருடமாக.
“ஐ ஹாவ் வேர்க்ட் ஹியர் சின்ஸ் 2010.” 2010இலிருந்து.

மூன்றாவது, போனவரும் போய்வந்தவரும். “ஹீ ஹாஸ் கோன் ரு வவுனியா” என்றால் அவர் வவுனியாவுக்குப் போய்விட்டார், இப்போது இங்கே இல்லை. “ஹீ ஹாஸ் பீன் ரு வவுனியா” என்றால் போய்த் திரும்பி வந்துவிட்டார், அல்லது முன்பு போன அனுபவம் இருக்கிறது. சாரதி எங்கே என்று கேட்டால் இந்த இரண்டில் எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கேட்டவர் காத்திருப்பார் அல்லது வேறு வாகனம் தேடுவார்.

இன்னொரு சிறு குறிப்பு. வேகமாகப் பேசுபவர்கள் ‘ஐ ஹாவ்’ என்பதை ‘ஐவ்’ என்றும், ‘ஹீ ஹாஸ்’ என்பதை ‘ஹீஸ்’ என்றும் சுருக்கிவிடுவார்கள். கேட்கும்போது அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் பேசும்போது, முக்கியமாகத் தொலைபேசியிலும் வோக்கி-டோக்கியிலும், முழுமையாகவே சொல்லுங்கள்.

நேர்முகப் பரீட்சையில்

“ஹாவ் யூ எவர் வேர்க்ட் இன் அ ஸ்ரோர்?” களஞ்சியத்தில் எப்போதாவது வேலை செய்திருக்கிறீர்களா? ‘எவர்’ என்று கேட்டால், எந்த வருடம் என்று கேட்கவில்லை. உங்கள் வாழ்க்கையில் அந்த அனுபவம் உண்டா என்றுதான் கேட்கிறார்கள். பதில்: “யெஸ், ஐ ஹாவ்.” பிறகு விபரம் சொல்லுங்கள். வருடம் வந்தவுடன் சாதாரண இறந்தகாலத்துக்கு மாறுங்கள்: “ஐ வேர்க்ட் இன் அ கோஒப்பரேற்றிவ் ஸ்ரோர் புறம் 2002 ரு 2006.”

இடப்பெயர்வால் வேலை நின்றுபோனவர்கள் இதை நன்றாகக் கவனிக்கவேண்டும். 2008 வரை பன்னிரண்டு வருடம் மேசன் வேலை செய்தவர் “ஐ ஹாவ் வேர்க்ட் அஸ் அ மேசன் போர் 12 இயர்ஸ்” என்றால், இன்றும் செய்துகொண்டிருக்கிறார் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். அடுத்த கேள்வி “இப்போது எங்கே?” என்று வரும், பதில் தடுமாறும். இப்படிச் சொல்லலாம்:

“ஐ வேர்க்ட் அஸ் அ மேசன் போர் 12 இயர்ஸ். ஐ ஹாவ் பில்ற் மெனி ஹவுசஸ்.” பன்னிரண்டு வருடம் மேசனாக வேலை செய்தேன். பல வீடுகள் கட்டியிருக்கிறேன்.

முதல் வசனம் முடிந்துபோன காலம். இரண்டாவது வசனம் இன்றும் உங்களிடம் இருக்கிற அனுபவம். அந்த வீடுகள் இன்று நிற்காமல் இருக்கலாம். கட்டிய கை உங்களுடையது, அந்தத் தொழில் உங்களோடு வந்திருக்கிறது. ஆகவே தயங்காமல் ‘ஐ ஹாவ்’ என்று சொல்லுங்கள்.

நடுவில் ஏன் வேலை இல்லை என்று கேட்டால் வெட்கப்படவோ நீட்டி விளக்கவோ தேவையில்லை. “வீ வேர் டிஸ்பிளேஸ்ட் இன் 2008. வீ ஹாவ் லிவ்ட் இன் அவர் வில்லேஜ் அகெய்ன் சின்ஸ் 2010.” 2008இல் இடம்பெயர்ந்தோம், 2010இலிருந்து மீண்டும் எங்கள் ஊரில் வசிக்கிறோம். உங்கள் வருடங்களைப் போட்டு இந்த இரண்டு வசனங்களையும் பாடமாக்கிக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் தொலைந்துவிட்டது என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருக்காதீர்கள். க.பொ.த. பெறுபேற்றுச் சான்றிதழுக்குப் பரீட்சைத் திணைக்களத்தில் விண்ணப்பித்து மறுபடி பெறலாம். கைத்தொழில் தெரிந்தும் பத்திரம் இல்லாதவர்களுக்கு, தேசிய தொழிற்றகைமை முறையில், அனுபவத்தையும் திறமையையும் நேரில் மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் வழி இருக்கிறது. அதற்கு ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்று பெயர். விபரத்தைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் கேளுங்கள்.

கிடைக்காததைக் கேட்கும்போது

“ஐ லொஸ்ற் மை ஐடென்ரிற்றி காட் இன் 2009” என்று ஒருவர் வெளிநாட்டு அலுவலரிடம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடையாள அட்டை 2009இல் தொலைந்தது. இலக்கணம் சரி. ஆனால் புதிய அட்டை கிடைத்ததா? அது இதில் இல்லை. அலுவலர் அதைப் பழைய சம்பவமாக எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

ஆகவே எந்தக் குறையைச் சொன்னாலும் இரண்டு வசனமாகச் சொல்லப் பழகுங்கள். முதலில் திகதி வசனம், அடுத்தது நிலைமை வசனம்.

“ஐ லொஸ்ற் மை ஐடென்ரிற்றி காட் இன் 2009. ஐ ஹாவ் நொட் றிசீவ்ட் அ நியூ வன் யெற்.” 2009இல் தொலைந்தது. புதியது இன்னும் கிடைக்கவில்லை.

“வீ பினிஷ்ட் த வோல்ஸ் லாஸ்ற் மந்த். வீ ஹாவ் நொட் றிசீவ்ட் த நெக்ஸ்ற் பேமென்ற் யெற்.” போன மாதம் சுவரை முடித்தோம். அடுத்த கட்டப் பணம் இன்னும் கிடைக்கவில்லை.

வீட்டுத் திட்டங்களில் பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஒரு கட்ட வேலை முடிந்தால்தான் அடுத்தது. முடித்த திகதியும் கிடைக்காத நிலைமையும் சேர்ந்து பதிவானால், உங்கள் கோரிக்கை பழைய கதையாகாமல் தீர்க்கவேண்டிய விடயமாக நிற்கும்.

வீட்டில் செய்யவேண்டியது

ஒரு சிறிய கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் மாலையில் மூன்று வசனம் எழுதுங்கள்: இன்று முடித்துவிட்ட ஒன்று, இன்னும் முடியாத ஒன்று, நீண்டகாலமாகச் செய்துவரும் ஒன்று. கிணறு துப்புரவாக்கினீர்களா? “வீ ஹாவ் கிளீன்ட் த வெல்.” வேலி இன்னும் அடைக்கவில்லையா? “வீ ஹாவ் நொட் பினிஷ்ட் த பென்ஸ் யெற்.” எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் மூன்றாவது வடிவத்தைக் கேட்கச் சொல்லுங்கள். அம்மாவையோ அப்பாவையோ சோதிக்கப் பிள்ளைகளுக்கு நல்ல விருப்பம்.

உச்சரிப்பு சற்றுப் பிசகினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் நடந்து முடிந்தது எது, இன்றும் இருப்பது எது என்று கேட்பவருக்குத் தெரியவேண்டும். நாளைய வகுப்புக்கு வரும்போது உங்கள் ஆறு வசனங்களைக் கொண்டுவாருங்கள். வேலை அனுபவம் பற்றி இரண்டு, முடித்த வேலை பற்றி இரண்டு, இன்னும் கிடைக்காதது பற்றி இரண்டு. அவற்றை வைத்தே பாடத்தைத் தொடங்குவோம்.