தராசுக்கு முன்னால்

(கல்முனையில் நடைபெற்ற தொழிலாளர் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைவர் அவர்களே, மலையகத்திலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் வந்திருக்கும் தோழர்களே, கரும்புத் தோட்டப் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்களே, கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, சம்மாந்துறைக் குடும்பங்களே,

"வேலைத்தலத்தில் ஒழுக்கமும் நேர்மையும்" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். தலைப்பை வாசித்த உடனே பின்வரிசையில் இரண்டு ராத்தாமார் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததை நான் கண்டேன். சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. ஒழுக்கம் என்ற சொல் நம்மிடம் மேலேயிருந்துதான் வந்து சேரும். பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் ஒழுக்கமில்லை. சம்பளத்தில் ஏன் குறைவு என்று கேட்டால் ஒழுக்கமில்லை. சங்கக் கூட்டத்துக்குப் போனால் சுத்தமாக ஒழுக்கமே இல்லை. அந்தப் பேச்சை நான் இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. வேலையில் நேர்மை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஓர் இடம் போதும். அது தராசு.

நான் மருதமுனையில் பிறந்தவன். எங்கள் ஊர்த் தறிக்காரருக்கு நூலின் எடை தெரியும். கொடுத்த நூல் எவ்வளவு, திரும்பி வந்த துணி எவ்வளவு என்று பார்த்துத்தான் கூலி பேசுவார்கள். சம்மாந்துறைப் பக்கத்து விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள். சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் நெல் மூட்டையில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் சொல்லுவார். ஹிங்குரான பக்கத்தில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு வேறொரு கணக்குத் தெரியும். வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் காய்ந்து எடை குறையும். ஆகவே லொறி எத்தனை மணி நேரம் வரிசையில் நிற்கிறது என்பதும் காசுதான். மலைக்குப் போனால் கொழுந்து. தொழில் மாறுகிறது, ஊர் மாறுகிறது. ஆனால் உழைத்தவர் ஒரு பக்கம், முள்ளைப் பார்த்துச் சொல்லுகிறவர் மறுபக்கம் என்பது மட்டும் எங்கும் ஒன்றுதான்.

இங்கே கடற்கரையில் இருப்பவர்களுக்காகக் கொழுந்துக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப் பேர். தோட்டத்துக்குத் தோட்டம் அந்த அளவு மாறும். 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது குறைந்தால் சில இடங்களில் அரைப் பேர்தான் விழும். நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவானது. 2024இல் 1,350 ஆனது. இடையில் இருக்கும் 350 ரூபாவுக்காக எத்தனை கூட்டம், எத்தனை ஊர்வலம், எத்தனை வழக்கு என்று உங்களுக்கே தெரியும். இனி, கொழுந்து மடுவத்தில் 17 கிலோ என்று எழுதப்பட்ட ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அந்த 1,350 ரூபாக் கணக்கில் அவளுக்கு அரைப் பேர் என்றால் 675 ரூபா போயிற்று. நாம் மூன்று வருடம் போராடி வாங்கியதைப் போல கிட்டத்தட்ட இரு மடங்கு, ஒரு நொடியில் போகிறது.

பைக்கும் ஈரத்துக்கும் கழிவு போடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் இருக்கத்தான் செய்யும். பை என்ன எடை, ஈரம் எவ்வளவு என்று அளந்து கழித்தால் அது கணக்கு. வெயில் எரிக்கும் நாளிலும் அதே இரண்டு கிலோவைக் கழித்தால் அதற்கு வேறு பெயர். நாளுக்கு மூன்று நிறுவை. ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ கூடுதலாகக் கழிந்தால் நாளுக்கு மூன்று கிலோ. மாதத்தில் 20 நாள் வேலை என்றால் 60 கிலோ. அவளுடைய மூன்று நாளைய உழைப்பு அது. தொழிற்சாலையில் நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை வரும். அப்படியென்றால் மாதம் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் தேயிலையை அந்த ஒரு பெண் சும்மா கொடுக்கிறாள்.

நான் படிப்பிக்கும் பிள்ளைகளிடம் ஒரு முறை வீட்டிலுள்ள நிறுவைத் துண்டுகளைக் கொண்டு வரச் சொன்னேன், கூட்டல் பாடத்துக்காக. புத்தகத்தில் இருக்கும் மாம்பழக் கணக்கை விட இதில் பிள்ளைகளுக்கு அக்கறை அதிகம். ஒரு பிள்ளை கூட்டி முடித்துவிட்டு, "சேர், அம்மாவின் சம்பளத் துண்டில் வேறு மாதிரி இருக்கிறதே" என்றாள். அந்தத் தாய் பயந்து போனார். "பிள்ளையின் படிப்பு என் வேலைக்கு உலை வைக்குமோ" என்றார். தோட்டத் தலைவர் இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். சத்தம் போடவில்லை, மேசையில் வைத்தார், அவ்வளவுதான். அடுத்த மாதம் வித்தியாசம் வந்து சேர்ந்தது. எந்தத் தோட்டம் என்பது வேண்டாம்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சமாவது இருக்கிறது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிக்கப்படாத எதையும் சம்பளத்திலிருந்து வெட்ட முடியாது. காசில் கை வைக்க முடியாத இடத்தில்தான் கிலோவில் கை வைக்கிறார்கள். அளவைகள் பற்றி 1995இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சந்தையில் மீன் நிறுக்கும் தராசைக்கூட அதிகாரிகள் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும். மீனுக்கு முத்திரை கேட்கும் நாடு, கூலியைத் தீர்மானிக்கும் தராசுக்கும் முத்திரை கேட்டால் என்ன குறைந்து விடும்?

அளவையில் மோசம் செய்வோரைப் பற்றிக் குர்ஆனில் தனியாக ஓர் அத்தியாயமே இருக்கிறது. வள்ளுவரும் நடுவுநிலைமையைச் சொல்லத் தராசைத்தான் எடுத்தார். ஆகவே இது சங்கக்காரர் கிளப்பிவிட்ட புதுப் பிரச்சினை என்று யாரும் சொல்ல முடியாது.

கோ. நடேசையரை இங்கே நினைக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். வணிகக் கணக்குத் தெரிந்தவர். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் புடைவை வியாபாரி மாதிரி உள்ளே போய் லயத்து மக்களைக் கண்டார் என்பார்கள். மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடியே கூட்டம் சேர்ப்பார். அந்தக் காலத்தில் "துண்டு" என்றால் கடன் சீட்டு. இந்தக் கடனைத் தீர்த்தால்தான் இந்த ஆளை விடுவேன் என்று எழுதிய தாள். கடன் எவ்வளவு என்று எழுதியது ஒருவர், அதைச் சுமந்தவர் வாசிக்கத் தெரியாதவர். 1921இல் அதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். இன்று நம் கைக்கு வருவது சம்பளத் துண்டு. வாசிக்கத் தெரிந்தும் மடித்துச் சட்டைப் பையில் போட்டால் பழைய துண்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இனி நம்முடைய பக்கத்தைப் பேசுவோம். கைதட்டல் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

பைக்குள் கல்லைப் போடுவது, கொழுந்தைத் தண்ணீரில் நனைப்பது, அடியில் முற்றல் இலையை அமுக்குவது எல்லாம் நடக்கிறது. "அவன் கழிக்கிறான், நான் கூட்டுகிறேன்" என்று சொல்லுவார்கள். கேட்க நியாயம் போல இருக்கும். ஆனால் ஒருவர் போட்ட கல்லைக் காட்டித்தான் நூறு பேருக்கு இரண்டு கிலோ வெட்டுகிறார்கள். நான் அலுவலகத்தில் பேசப் போனபோது மேசையில் எடுத்து வைத்தது அந்தக் கல்லைத்தான். அதற்குப் பிறகு என்ன வாதாடுவது? வராதவருக்குப் பேர் போட வைப்பதும் இதே வகைதான். அந்தப் பேரின் வேலையைப் பக்கத்து நிரையில் நிற்கும் இன்னொரு தொழிலாளிதான் செய்கிறார், துரை செய்வதில்லை.

சங்கத் தலைவர்மாரும் கேளுங்கள். கடிதம் எழுதிக் கொடுக்கத் தேத்தண்ணிக் காசு, சேமலாப நிதிப் படிவம் நிரப்ப ஒரு தொகை, தன் சொந்தக்காரருக்கு மட்டும் இலகுவான மலை. இதைச் செய்கிறவர் தராசுக்காரரைப் பார்த்துக் கள்ளன் என்று சொல்ல வாய் இருக்குமா? சந்தா வாங்கினால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் கணக்கை வாசிக்க வேண்டும். கேட்கிற உறுப்பினரைச் சண்டைக்காரி என்று பட்டம் சூட்டக் கூடாது.

இன்னொன்றை மெதுவாகச் சொல்கிறேன், ஆனால் சொல்லாமல் விட மாட்டேன். தராசு யார் கையில் இருக்கிறதோ அவர் ஒரு பெண்ணின் சிரிப்புக்கு ஒரு கிலோ கூட்டவும், முகம் திருப்பினால் ஒரு கிலோ குறைக்கவும் முடியும். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவுப்படி பாலியல் தொந்தரவு ஐந்து வருடம் வரை சிறை வைக்கும் குற்றம். அவர் கங்காணியாக இருந்தாலும், கணக்கப்பிள்ளையாக இருந்தாலும், நம் சங்கத்தின் ஆளாக இருந்தாலும் ஒன்றுதான். நம் ஆள் என்று மூடி மறைக்கிற சங்கத்தில் நான் இருக்க மாட்டேன்.

கல்முனைக் கடைகளில் வேலை செய்யும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் சுருக்கமாக ஒரு வார்த்தை. மலையகத்துப் பிள்ளைகளும் உங்களில் இருக்கிறார்கள். 1954இன் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 45 மணி நேரம். அதற்கு மேல் நின்றால் மேலதிக நேரக் கொடுப்பனவு. சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு அவரே 3 வீதமும் கட்ட வேண்டும். "வீட்டுப் பிள்ளை மாதிரித்தானே வைத்திருக்கிறேன்" என்று முதலாளி நானா அன்பாகச் சொல்லுவார். அந்த அன்பை ஏற்றுக்கொண்டு அங்கத்துவ இலக்கத்தையும் கேளுங்கள். கேட்பதற்கு முன் உங்கள் கல்லாப் பெட்டிக் கணக்கு சரியாக இருக்கட்டும்.

தோட்டங்களில் இருந்து வந்தவர்கள் இந்த மாதம் முதல் ஒரு கொப்பியில் மூன்று நிறுவையையும் அன்றன்று எழுதுங்கள். திகதி, எழுதிய எடை, கழித்த எடை, மழையா வெயிலா. நான்கு நிரல் போதும். சம்பள நாளில் துண்டோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் தலைவரிடம் கொடுங்கள். ஒருவர் தனியாகப் போகாமல் ஐந்து பேராகப் போங்கள்.

வெளியே வேப்ப மரத்தடியில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். சம்பளத் துண்டு கொண்டு வந்தவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே வரலாம், ஒவ்வொன்றாக இருந்து பார்ப்போம். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்கள் வாசிப்பார்கள்.