தூணும் கடையும்: மதுரைக் கருத்தரங்கத் தலைமை உரை



என் ஆசிரியர்கள் அமர்ந்த இருக்கை இது. அந்த நினைப்பே நாவைக் கொஞ்சம் உலர்த்துகிறது.

'தொன்மை நகரில் வணிகமும் சுற்றுலாவும்' என்பது நமக்குத் தந்த பொருள். மதுரைக்காஞ்சி சொல்லும் நாளங்காடி, அல்லங்காடி முதல், 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்ததும் வெளி வீதிகள் உருவானதும் வரை நீங்கள் அறிந்ததே. விடுதிகள், வாகன நெரிசல், வழிகாட்டிகள் பற்றிப் பேசப் பிற்பகல் அமர்வு இருக்கிறது. ஆகவே நான் நேரே புதுமண்டபத்துக்குள் நுழைகிறேன். என்னை அறிந்தவர்கள் இதை எதிர்பார்த்தே வந்திருப்பீர்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் மீனாட்சியம்மன் கோயிலின் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம் அது. நம் தலைமுறை அறிந்த புதுமண்டபமோ தையல்காரர்கள், பாத்திரக்காரர்கள், வளையல்காரர்கள், புத்தகக்காரர்களின் இடம். அண்மை ஆண்டுகளில் அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. அதை வரவேற்ற நம் துறை நண்பர்கள் சிலர், மண்டபம் தன் பழைய தூய நிலைக்குத் திரும்புகிறது என்று எழுதினார்கள். அவர்கள் காட்டும் முதன்மைச் சான்று, 1858இல் லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரை ஒளிப்படங்கள்.

அந்தப் படங்களின் அழகை நானும் மதிக்கிறேன். ஆனால் டிரைப் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர். கட்டடத்தையும் சிற்பத்தையும் பதிவுசெய்வது அவருக்கு இட்ட முதன்மைப் பணி. அவர் கையாண்ட மெழுகுத்தாள் முறையில் ஒளிபடும் நேரம் நீண்டது. நடமாடும் மனிதர் அதில் பதிவதில்லை. படத்தில் ஆளில்லை என்பதை வைத்து மண்டபத்திலும் ஆளில்லை என்று தீர்ப்பெழுதிய நண்பர் இந்த அவையில்தான் இருக்கிறார். அவர் பொறுமைசாலி, இதை முன்பும் என்னிடம் கேட்டிருக்கிறார்.

நம் துறை புரட்டாமல் விட்ட சான்று ஒன்று உண்டு: பெரிய எழுத்துக் கதைப்பாடல் நூல்களின் முகப்புத் தாள்கள். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் வந்த மலிவு அச்சுகளில் 'புதுமண்டபம், மதுரை' என்று கடை முகவரியைக் காணலாம். அந்நூல்களில் ஒன்றான அல்லி அரசாணி மாலையின் கதையமைப்பை ஆராய்ந்தோம். அதை விற்றவரின் விலாசத்தை விட்டுவிட்டோம். இந்தத் தாள்கள் 1858ஐப் பற்றி எதுவும் சொல்லா. ஆனால் கடைகள் நேற்று முளைத்த ஆக்கிரமிப்பு என்ற வாதத்தை முறிக்க அவை போதும்.

தையல்காரர்களையும் சொல்லவேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு திரி எடுப்பவர்க்கும் தண்ணீர் பீய்ச்சுபவர்க்கும் வேண்டிய சல்லடமும் குல்லாயும் தைத்தவை அவர்கள் கைகள். அது விழாவைக் காண வந்தவருக்காக நடந்த வணிகமன்று. விழாவை நடத்துபவருக்காக நடந்த வணிகம். இந்த வேறுபாட்டைக் காணாமல் எல்லாவற்றையும் 'வணிகமயம்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் தீ. 2018 பிப்ரவரியில் அதே கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்தபின், கல்தூண்களுக்கிடையே மின்கம்பியும் எரியும் பொருளும் நெருக்கியடித்த கடைகளுக்காக யாரும் வாதாட முடியாது; நானும் வாதாடவில்லை. ஆனால் பாதுகாப்பு என்பது ஒரு காரணம், தூய்மை என்பது வேறொரு காரணம். முன்னதைக் காட்டிப் பின்னதை நிலைநாட்டுவது முறையான வாதமாகாது.

சுற்றுலாவை எடுத்துக்கொள்வோம். 1912இல் மதுரைக்கு வந்த அமெரிக்கப் பெண்மணி அடலின் பெப்பர் கிப்சன், மதனகோபாலசாமி கோயிலில் குவிந்துகிடந்த மண்டபத் தூண்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். 1919இல் அவை பிலடெல்பியா அருங்காட்சியகத்துக்குக் கொடையாயின. இன்று அங்கே ஒரு மண்டபமாக எழுந்து நிற்கின்றன. போற்றிக் காத்திருக்கிறார்கள், உண்மைதான். என்றாலும் எத்தனை தையல் எந்திரங்கள் ஓடியும் ஒரு தூணை மதுரையைவிட்டு நகர்த்தியதில்லை. கலையை மதித்து வந்த ஒரு பயணி ஒரு மண்டபத்தையே நகர்த்தினார். மண்டபத்தைப் புழங்கும் இடமாகக் காணாமல் காட்சிப்பொருளாக மட்டும் காணும் கண் எதுவரை போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

ஆகவே 'கடைகளை அகற்றுக' என்ற ஒற்றை வரியோடு இந்தக் கருத்தரங்கின் தீர்மானம் முடியக்கூடாது. எந்தக் கடை, யாருக்காக, எத்தனை காலமாக என்று கேட்டுப் பதிவுசெய்யட்டும். கடைக்காரர்களின் வாடகைச் சீட்டுகளும் பழைய பட்டியல்களும் குப்பைக்குப் போகுமுன் சேகரிக்கட்டும். நாளை அதே மண்டபத்தில் நுழைவுச்சீட்டும் நினைவுப்பொருள் விற்பனையும் வந்தால் அதுவும் வணிகமே. தூய்மை பேசிய நண்பர்கள் அன்றும் இதே சூட்டோடு எழுதவேண்டும். எழுதமாட்டார்கள் என்பது என் ஐயம். ஆதாரத்தோடு அதைப் பொய்யாக்குமாறு அவர்களை அழைத்து, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.