பழைய காரின் பின் சொக் அப்சோபர்

நான் சாய்ந்தமருதுக்காரன். எங்க கடற்கரையில உப்புக்காத்து நட்டைத் தின்னுது. உங்க மலையில குழி ரோட்டு சொக்கைத் தின்னுது. 2020இல் நின்ற கார் இறக்குமதி 2025இல்தான் திறந்தது, பழசைத்தானே ஓட்டுறோம்.

பின்பக்கத்தை அமுக்கி விடுங்க. ஆடிக்கிட்டே இருந்தாலோ எண்ணெய் கசிந்தாலோ சொக் முடிஞ்சுது. இரண்டையும் சேர்த்தே மாத்தணும்.

முதல்நாள் இரவே நட்டில் எண்ணெய் விடுங்க. சமதரையில் முன் சில்லுக்குக் கல் வைத்து, ஜெக்கால் உயர்த்தி ஸ்டேண்டில் இறக்குங்க. ஜெக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீங்க. லயத்துச் சரிவில் வேண்டவே வேண்டாம்.

சொக்கைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் இருந்தால் தொடாதீங்க, கராஜுக்குப் போங்க. அமுங்கிய ஸ்பிரிங் பாய்ந்தால் ஆளைக் கொல்லும். பட்டை ஸ்பிரிங் கார்தான் வீட்டு வேலை. புதுசை மாட்டி, சில்லு தரையில் நின்ற பிறகே நட்டைக் கடைசியாக இறுக்குங்க. தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகிக் கிழியும்.