எழுதும் உரிமையும் திருத்தும் பொறுப்பும்



ஓர் ஏட்டில் உள்ளதைப் படிப்பது ஓர் உரிமை. அவ்வேட்டிலே புதிதாக ஒன்றைச் சேர்ப்பது வேறோர் உரிமை. முன்னர் எழுதப்பட்டதைத் திருத்துவது இவ்விரண்டினும் வேறான உரிமை. மூன்றையும் ஒன்றென மயங்குவதால் விளையும் கேடு சிறிதன்று. இன்று நமது பிறப்பும் படிப்பும், நோயும் மருந்தும், காணியும் பணமும் கணினியிலே பதியப்பட்டு வருகின்றன. அங்கே நம்மைப் பற்றிய பதிவோடு ஒரு புதுச் செய்தியைச் சேர்க்க வல்லவர் யார்? சேர்த்ததை ஏற்கவோ மாற்றவோ நீக்கவோ உரியவர் யார்? கணினித் துறையினர் இவற்றை வரையறுத்தலை அணுகல் நிலைகளை வகுத்தல் என்பர். பெயர் புதிது, ஆயின் பொருள் மிகப் பழையது.

மாத்தளை மாவட்டத்திலே வஹகோட்டை என்றவுடன் புனித அந்தோனியார் ஆலயமே பலருக்கும் நினைவில் எழும். கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஊர் அது. இத்தகைய பங்குகளிலே ஞானஸ்நானப் பதிவேடு ஒன்று பேணப்படுவதை நேயர்கள் அறிவீர்கள். பதினாறாம் நூற்றாண்டில், திரெந்து நகரிலே கூடிய திருச்சங்கம் 1563 இல் விதித்த ஒழுங்கு, இத்தகைய ஏடுகளை உலகெங்கும் நிலைபெறச் செய்தது. 1983 இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பும் அவற்றைப் பேணும் கடமையைப் பங்குத்தந்தையிடமே வைத்திருக்கிறது.

அந்த ஏட்டின் ஒழுங்கைச் சற்று நோக்குவோம். ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாள், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் முதலியன முதலிலே எழுதப்படுகின்றன. அக்குழந்தை வளர்ந்து வேறோர் ஊரிலே திருமணம் செய்துகொண்டால், அச்செய்தி ஞானஸ்நானம் நிகழ்ந்த பங்குக்கு அறிவிக்கப்படுகிறது. அங்கே பழைய பதிவின் ஓரத்திலே அது குறிக்கப்படுகிறது. முதலில் எழுதியது அழிக்கப்படுவதில்லை. பின்னர் நிகழ்ந்தது அதன் அருகே சேர்க்கப்படுகிறது. சேர்க்க வேண்டியது இன்ன செய்தி என்பது வரையறுக்கப்பட்டிருக்கிறது. சேர்ப்பதற்குப் பொறுப்பானவரும் வரையறுக்கப்பட்டிருக்கிறார். உரியவர் தம்மைப் பற்றிய பதிவின் பிரதியைக் கேட்டுப் பெறலாம். ஆயினும் ஏடு பிறர் கைக்குப் போகலாகாது என்பது விதி. கணினி நிபுணர்கள் இன்று பல பக்கங்களில் விரித்துரைக்கும் தத்துவம் முழுவதும் இந்த ஓரக்குறிப்பிலே அடங்கியிருக்கிறது.

பாடசாலையிலும் இவ்வாறே. சேர்விடாப்பு, வரவு இடாப்பு, சம்பவத் திரட்டு ஆகியவற்றிலே எழுதியதைச் சுரண்டி அழித்தல் முறையன்று. பிழை நேர்ந்தால் ஒரு கோட்டினால் வெட்டி, சரியானதை மேலே எழுதி, சுருக்கொப்பமும் திகதியும் இடுதலே வழக்கம். வெட்டப்பட்ட சொல்லும் படிக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். ஏன்? திருத்தியவர் எதைத் திருத்தினார் என்பதைப் பின்வருவோர் அறிவதற்காகவே.

கடுதாசி ஏட்டிலே கையெழுத்தே சாட்சி சொல்லும். மையின் நிறமும் எழுத்தின் சாய்வும் எழுதியவரைக் காட்டிவிடும். கணினித் திரையிலோ எல்லாருடைய எழுத்தும் ஒரே எழுத்து. அதிபர் எழுதினாலும் எழுதுவினைஞர் எழுதினாலும் அந்நியன் ஒருவன் எழுதினாலும் வேற்றுமை தோன்றாது. ஆகவே கையெழுத்துக்குப் பதிலாக மூன்று காவல்கள் அங்கே தேவைப்படுகின்றன. நுழைபவர் இன்னார் என அறிதல் முதலாவது. அவர் செய்யத்தக்கது இவ்வளவு என வரையறுத்தல் இரண்டாவது. அவர் செய்ததைக் காலத்தோடு குறித்து வைத்தல் மூன்றாவது.

இத்தேவை கணினி பலருக்குப் பொதுவான நாளிலேயே தோன்றிவிட்டது. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலே, பேர்னாண்டோ கொர்பாட்டோ என்ற அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் முறையொன்றை 1961 இல் செய்து காட்டினர். ஒவ்வொருவர் கோப்பையும் தனித்தனியே காக்கும்பொருட்டுக் கடவுச்சொல் அங்கே புகுத்தப்பட்டது. ஆயினும் அதே முறையிலே 1960களின் நடுப்பகுதியில் ஒரு விபத்து நேர்ந்தது. நிருவாகிகளின் பகுதியில் ஒரு நேரத்தில் ஒருவரே வேலை செய்யலாம் என்றிருந்த கட்டுப்பாடு, அவர்களுடைய வசதிக்காகத் தளர்த்தப்பட்டிருந்தது. இருவர் ஒரே வேளையில் இரு கோப்புகளைத் திருத்தப்போக, அவை இடம் மாறிவிட்டன. அன்று உள்நுழைந்தோர் அனைவருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் காட்சியளித்தன! அந்நியர் எவரும் வந்து பூட்டை உடைக்கவில்லை. உயர்ந்த உரிமை பெற்றவர்களுக்கு அளித்த சலுகையே கதவைத் திறந்துவிட்டது.

அந்நிறுவனத்தைச் சேர்ந்த சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர், 1975 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஒரு விதியை நிலைநாட்டினர். ஒருவர் தம் கடமையைச் செய்வதற்கு எவ்வளவு உரிமை இன்றியமையாததோ அவ்வளவே அவருக்கு அளிக்கப்படல் வேண்டும் என்பதே அது. 1992 இல் பெராயோலோ, கூன் என்ற ஆய்வாளர்கள் உரிமையை ஆளோடு பிணைக்காமல் பதவியோடு பிணைக்கும் முறையை வகுத்துரைத்தனர். அதிபர் மாறலாம், அதிபரின் நாற்காலி மாறுவதில்லை. நாற்காலியை விட்டு எழுந்தவர் திறப்பையும் விட்டுச் செல்லல் வேண்டும். இது நமக்குத் தெரியாத நியாயமன்று.

இனி, உலகத்தார் அனைவரும் எழுதலாம் என்று திறந்து வைத்த ஏடு ஒன்றை நோக்குவோம். 2001 இல் தொடங்கிய விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியமே அது. தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கிற்று. அதற்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து இ. மயூரநாதன் என்பது நமக்குப் பெருமை தருவது. 2017 இல் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தை எட்டின. எல்லாருக்கும் திறந்த அந்த ஏட்டிலும் படிநிலைகள் உண்டு. பதிவு செய்யாதவரும் திருத்தலாம். பதிவு செய்து சில நாள் கடந்தவருக்குச் சற்று மேலான உரிமை கிடைக்கும். பக்கத்தை நீக்கவும் பூட்டவும் தொல்லை தருவோரைத் தடுக்கவும் நிருவாகிகளுக்கே இயலும். ஒருவரை நிருவாகியாக்கும் உரிமை அவர்களுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு திருத்தமும் யாரால், எப்போது செய்யப்பட்டது என்பது வரலாற்றுப் பக்கத்திலே நிற்கிறது. நாம் கண்ட ஓரக்குறிப்பின் பேருருவம் இதுவே.

இவ்வளவு இருந்தும் தீங்கு நேராமற் போகவில்லை. ஜோன் சீகென்தாலர் என்பவர் அமெரிக்காவின் மூத்த பத்திரிகையாளர்; ரொபேர்ட் கென்னடியின் உதவியாளராகப் பணியாற்றியவர். 2005 மே மாதத்தில், பெயர் காட்டாத ஒருவர் ஆங்கில விக்கிப்பீடியாவிலே அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். கென்னடி சகோதரர் இருவரின் கொலையிலும் அவருக்குத் தொடர்பிருக்கலாம் என ஒருகாலத்தில் எண்ணப்பட்டது என்பது அப்பக்கத்திலே கண்ட பொய். நான்கு மாதங்களுக்கு மேலாக அது அங்கே கிடந்தது. முதிய வயதிலே, தாம் அன்பு செலுத்திய நண்பரின் கொலையோடு தம் பெயர் இணைக்கப்பட்டதைக் காண்பவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அவ்வாண்டின் இறுதியில் அவர் அதைப் பகிரங்கமாக எழுதினார். அதன்பின் பதிவு செய்யாதவர் அங்கே புதுப் பக்கம் தொடங்கும் உரிமை நீக்கப்பட்டது. இருக்கும் பக்கங்களைத் திருத்தும் வாயில் மட்டும் திறந்தே விடப்பட்டது. இந்த வேறுபாட்டை நேயர்கள் கவனித்தல் வேண்டும். தீங்கு எந்த உரிமையினால் வந்ததோ அதனை மட்டும் ஒடுக்கினார்கள். எல்லாக் கதவையும் சாத்திவிடவில்லை.

அப்படிச் சாத்திவிடுதலும் ஒரு கேடே. நம் ஏட்டுச்சுவடிகள் பல, பெட்டிக்குள்ளே பூட்டப்பட்டிருந்தே செல்லுக்கு இரையாயின. காத்தல் என்ற பெயரால் எவரையும் நெருங்கவிடாமற் செய்தவர்கள் காத்ததென்ன? இதே மாத்தளை மாவட்டத்து அலுவிகாரையிலே, கி.மு. முதலாம் நூற்றாண்டில், வாய்மொழியாக வழங்கிய பௌத்த திரிபிடகம் எழுத்தில் வடிக்கப்பட்டது என்பது மரபு. ஓதுவோர் மறைந்தால் ஓதப்படுவதும் மறையுமே என்ற அச்சமே அவ்வரும்பணிக்குக் காரணம். வஹகோட்டை போன்ற ஊர்களின் குளம், வயல், திருவிழா, வழிபாடு ஆகியவற்றை நன்கறிந்தோர் அவ்வூரவரே. அவர்கள் எழுதுவதற்கு இடமில்லையேல், தொலைவில் உள்ளவர் கேள்வியால் எழுதுவதே வரலாறாகிவிடும். ஆகவே சேர்க்கும் உரிமை பரந்ததாகவும், சரிபார்க்கும் பொறுப்பு தேர்ந்தவரிடத்ததாகவும், நீக்கும் அதிகாரம் மிகச் சிலரிடமும் இருத்தல் நன்று. நீக்கியதை மீட்கும் வழியும் உடனிருத்தல் வேண்டும்.

ஊர் வரலாற்றுக்குப் பொருந்தும் இத்தாராளம், ஒரு பிள்ளையின் பதிவுக்குப் பொருந்தாது. ஒரு மாணவியின் நோயையோ குடும்பத்து வறுமையையோ எவரும் சேர்க்கலாம், எவரும் படிக்கலாம் என்றிருத்தல் கொடுமை. இங்கே படிக்கும் உரிமைக்கே முதலில் எல்லை வேண்டும். நம் நாட்டுச் சட்டமும் இதனை உணர்ந்திருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் உரிமையின்றிக் கணினியில் நுழைவதைக் குற்றமாக்கியது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய பிழையான தரவைத் திருத்தக் கோரும் உரிமையை வகுத்தது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பெருந்தொகையான தரவுகள் 2021 இல் அழிந்துபோன செய்தி, நீக்கும் அதிகாரமும் மாற்றுப் பிரதியும் எத்துணை முக்கியமானவை என்பதை நாட்டுக்கு உணர்த்திற்று.

சட்டம் இருந்தும், அலுவலகம் முழுவதற்கும் ஒரே கடவுச்சொல், அதுவும் மேசைமேல் ஒட்டிய துண்டுக் காகிதத்திலே, என்ற நிலையை எங்கும் காணலாம். வசதிக்காகச் செய்வதாகச் சொல்வார்கள். பிழை நேரும் நாளிலோ குற்றவாளி எவருமிலர்; ஐயத்துக்கு ஆளாவோர் அனைவரும். பெரும்பாலும் அப்பழி இளைய எழுதுவினைஞர் தலையிலேதான் விழும். தனித்தனித் திறப்பு என்பது நம்பிக்கையின்மையின் அடையாளமன்று. குற்றமற்றவரின் கவசம் என்று கொள்ளல் வேண்டும்.

நேயர்களே, உங்கள் அலுவலகத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஆலய சபையிலோ கணினிப் பதிவு உண்டெனில் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இதனைப் படிக்க வேண்டியவர் யார்? சேர்க்க வேண்டியவர் யார்? திருத்தவும் நீக்கவும் உரியவர் யார்? சென்ற ஆண்டு மாற்றலாகிப் போனவரின் திறப்பு இன்னும் செல்லுகிறதா? இந்நான்குக்கும் தயங்காமல் விடை சொல்லக்கூடிய இடத்திலே, நமது பெயரும் நமது பிள்ளைகளின் பெயரும் பத்திரமாக இருக்கும்.