இருண்ட நாவல்களும் நாமும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



நல்ல நாளில் இருண்ட கதைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மனிதரை நசுக்கும் ஓர் ஆட்சியைக் கற்பனை செய்து எழுதும் நாவலை டிஸ்டோபியா என்கிறார்கள். பெரும்பாலும் எதிர்காலத்தில் நடப்பதாக எழுதுவார்கள். பசறைத் தோட்டங்களிலிருந்து வந்த நமக்கு அதில் பாதி பழைய கதை.

ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’ வெளிவந்தது 1949இல். அந்த நாட்டில் ஒருவரின் பெயரைப் பதிவேடுகளில் அழித்துவிட்டால் அவர் பிறக்கவேயில்லை என்றாகிவிடும். அதற்கு முந்தைய வருடம்தான் இங்கே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நாம் இங்கே பிறந்தது போதாது. தகப்பன், அல்லது பாட்டனும் பூட்டனும், இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் அந்தப் பத்திரம் இருந்தது? செக்ரோலில் பெயர் இருந்தது, நாட்டில் இல்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. கதையில் வந்திருந்தால் மிகை என்றிருப்போம்.

மார்கரெட் அட்வூட்டின் ‘த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ 1985இல் வந்தது. அதில் ஒரே நாளில் பெண்களின் வேலை போகிறது, வங்கிப் பணம் கணவன் கைக்குப் போகிறது. சரித்திரத்தில் எங்கும் நடக்காத எதையும் தான் சேர்க்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். கொழுந்து பறித்தது அம்மா, சம்பளத்தை வாங்கியது அப்பா என்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் அந்தப் பகுதியை மெதுவாக வாசியுங்கள்.

புத்தகங்களை எரிப்பதையே அரசாங்க உத்தியோகமாக்கிய கதை ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953). 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ இருக்கிறது. ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில் பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். ஜீனோ என்ற இயந்திர நாய் வாயாடி, அதற்காகவே வாசிக்கலாம். எனக்கு முடிவு அவ்வளவு பிடிக்கவில்லை, ஆனாலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதில்தான் தொடங்க வேண்டும். அடுத்து ஓர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’; சிறிய நூல், தமிழிலும் கிடைக்கிறது. அட்வூட் உயர்தரம் முடித்த பிறகு.

வெளிநாட்டிலிருந்து வரும் பழைய மாணவிகள் சொக்லேட்டுடன் இவற்றில் ஒரு பிரதியையும் பெட்டியில் வையுங்கள். பாடசாலை நூலகத்துக்கு.